கெட்டியான ஆயில்தான் நல்ல ஆயிலா? இன்ஜின் ஆயில் கேனைப் படிப்பது எப்படி

புதிதாகப் பெட்ரோல் கார் வாங்கியவர்கள் பலர் சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டிவிட்டுக் குழம்பிப் போகிறார்கள். அதில் 0டபிள்யூ-20 என்று இருக்கிறது. சில புது மாடல்களில் 0டபிள்யூ-16 கூட வந்துவிட்டது. கேனைத் திறந்து ஊற்றினால் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. பழக்கமான மெக்கானிக்கிடம் கேட்டால், "இதெல்லாம் குளிர் நாட்டு ஆயில் சார், நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்காது, 20டபிள்யூ-50 ஊத்திக்கோங்க" என்கிறார். பைக் வைத்திருப்பவர்களுக்கு வேறு மாதிரிக் குழப்பம். எம்ஏ, எம்ஏ2, எம்பி என்று கேனின் ஓரத்தில் என்னென்னவோ எழுதியிருக்கிறது. கார் ஆயிலையே பைக்குக்கும் ஊற்றலாமா, சிந்தெடிக் வாங்கினால் பணத்துக்குப் பலன் உண்டா என்று கேள்விகள் நீள்கின்றன.

இவற்றில் பெரும்பாலான கேள்விகளுக்குப் பதில் கேனின் மேலேயே இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கெட்டி என்பது ஆயிலின் வலிமை அல்ல. அது ஒரு அளவு. உங்கள் இன்ஜினை எந்த அளவுக்கு வடிவமைத்தார்களோ அதுதான் அதற்குச் சரியான அளவு. முதலில் இதை மனதில் நிறுத்திக்கொண்டால் மற்றவை சுலபம்.

ஆயில் உள்ளே என்ன செய்கிறது

உராய்வைக் குறைப்பது ஆயிலின் வேலைகளில் ஒன்று மட்டுமே. பிஸ்டனின் அடிப்பகுதி, பேரிங், டர்போ போன்ற இடங்களுக்குக் கூலன்ட் நேரடியாகப் போய்ச் சேர முடியாது. அல்லது போனாலும் போதாது. அங்கிருந்து வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு வருவது ஆயில்தான். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே நின்று காற்றழுத்தம் கசியாமல் அடைக்கிறது. எரிபொருள் எரிந்ததில் வரும் கரியையும் அமிலத்தையும் தன்னில் ஏந்திக்கொள்கிறது. வண்டி நிற்கும்போது உலோகம் துருப்பிடிக்காமல் காக்கிறது.

பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஓடும்போது ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அந்த இடைவெளிக்குள் ஆயில் ஒரு மெல்லிய படலமாக நுழைந்து, சுழற்சியின் வேகத்தால் அழுத்தம் பெற்று, ஷாஃப்ட்டையே மிதக்க விடுகிறது. இந்தப் படலம் உடைந்தால் உலோகம் உலோகத்தைத் தொடும், பேரிங் போகும். நீர்த்த ஆயில் என்றால் படலம் உடைந்துவிடும் என்ற பயம் இங்கிருந்துதான் வருகிறது. பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் படலம் நிலைக்க ஆயிலின் கெட்டித்தன்மை மட்டும் போதாது. அந்த இடைவெளிக்குள் ஆயில் உரிய நேரத்தில், உரிய அளவில் வந்து சேரவும் வேண்டும்.

10டபிள்யூ-30: இரண்டு எண்களும் இரண்டு சோதனைகள்

அமெரிக்க மோட்டார் பொறியாளர்கள் சங்கமான எஸ்ஏஇ, 1911-லேயே ஆயிலைக் கெட்டித்தன்மை வாரியாகப் பிரித்துவிட்டது. இன்று நடைமுறையில் இருப்பது ஜே300 என்ற தரநிலை. கேனில் பெரிதாக இருக்கும் எண்கள் அதன்படி வந்தவை.

டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே இறுகி நிற்பதைப் போல, எந்த எண்ணெயும் குளிரில் கெட்டிப்படும். அப்படிக் கெட்டிப்பட்ட நிலையிலும் இன்ஜினைச் சுழற்ற முடியுமா என்று சோதிப்பதுதான் டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண். 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரி செல்சியஸில் சோதிக்கிறார்கள், 5டபிள்யூவை மைனஸ் 30-இல், 10டபிள்யூவை மைனஸ் 25-இல், 15டபிள்யூவை மைனஸ் 20-இல், 20டபிள்யூவை மைனஸ் 15-இல். எண் குறையக் குறைய ஆயில் குளிரில் இளக்கமாக இருக்கும்.

பின்னால் உள்ள எண் சூட்டில் எடுத்த அளவு. 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு தாமதமாக வடிகிறது என்பதை சென்டிஸ்டோக் என்ற அலகில் சொல்வார்கள். 20 என்ற கிரேடுக்கு 6.9 முதல் 9.3 வரை, 30-க்கு 9.3 முதல் 12.5 வரை, 40-க்கு 12.5 முதல் 16.3 வரை, 50-க்கு 16.3 முதல் 21.9 வரை.

இதோடு முடியவில்லை. பேரிங்குக்குள் ஆயில் வெறுமனே வடிவதில்லை, பயங்கர வேகத்தில் நசுங்குகிறது. அதனால் 150 டிகிரியில், அதே மாதிரியான நசுக்கலில், குறைந்தபட்சம் எவ்வளவு கெட்டி மிஞ்ச வேண்டும் என்றும் தரநிலை கேட்கிறது. சென்டிபாய்ஸ் என்ற வேறொரு அலகில், 20 கிரேடுக்கு 2.6, 30-க்கு 2.9, 50-க்கு 3.7 என்பது அந்த எல்லை. அதாவது 20 கிரேடு ஆயிலும் 150 டிகிரி சூட்டில் தேர்வு எழுதிப் பாஸ் ஆகித்தான் கேனுக்குள் வருகிறது. குளிர் நாட்டுக்கு மட்டுமே ஆன ஆயில் என்று அதைச் சொல்ல முடியாது.

கியர் ஆயில் கேனில் 80டபிள்யூ-90 என்று பார்த்துவிட்டு, அது இன்ஜின் ஆயிலைவிடப் பல மடங்கு கெட்டி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு வேறு தரநிலை, வேறு அளவுகோல். இரண்டு எண்களையும் ஒப்பிடவே கூடாது.

வெயில் ஊருக்குக் கெட்டி ஆயில் என்ற வாதம்

"டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது பனிப்பிரதேச எண் என்றால், சென்னையில் அது எனக்கு எதற்கு?" என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். சென்னையில் மார்கழி அதிகாலையிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். 20டபிள்யூ ஆயில் அங்கே உறைந்துவிடப் போவதில்லை. ஆனாலும் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. கூலன்ட் உள்ள காரில் தெர்மோஸ்டாட் இருக்கிறது. வெளியே ஊட்டியோ வேலூரோ, இன்ஜினைத் தனக்கு வேண்டிய சூட்டில் வைத்துக்கொள்வது அதன் வேலை. ஓடிச் சூடான காரில் ஆயில் 90 முதல் 110 டிகிரி வாக்கில் இருக்கும். வெளியே 10 டிகிரி கூடினால் உள்ளேயும் 10 டிகிரி கூடும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

2. 20டபிள்யூ-50 ஆயில் 100 டிகிரியில் சுமார் 18 சென்டிஸ்டோக் இருக்கும். தண்ணீர் மாதிரி என்று நாம் சொல்லும் 0டபிள்யூ-20, 40 டிகிரியில் 40 சென்டிஸ்டோக்குக்கு மேல் இருக்கும். காலையில் நீங்கள் சாவியைத் திருப்பும் நேரத்தில், உலகத்திலேயே மெல்லிய ஆயில்களில் ஒன்றான அதுவும், நன்றாகச் சூடான 20டபிள்யூ-50-ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டியாக இருக்கிறது. அதே நேரத்தில் 20டபிள்யூ-50 எப்படி இருக்கும்? 150-ஐத் தாண்டி. ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களில் எந்த இன்ஜினுக்கும் ஆயில் தேவைக்கு மேல் கெட்டிதான். தேய்மானத்தின் பெரும்பங்கு இந்த நேரத்தில்தான் நடக்கிறது. மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுக்கு ஆயில் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பது முக்கியமாவது இதனால்தான்.

3. கெட்டி ஆயில் ஊற்றினால் ஆயில் பிரஷர் மீட்டர் கூடுதலாகக் காட்டும். பார்ப்பவருக்கு நிம்மதி. ஆனால் பிரஷர் வேறு, ஓட்டம் வேறு. பிரஷர் எல்லை மீறினால் பம்பில் இருக்கும் ரிலீஃப் வால்வு திறந்து, மிச்ச ஆயிலை அப்படியே கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்குத் திருப்பி அனுப்பிவிடும். பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயில் குறையும். கெட்டி ஆயில் நசுங்கும்போது தானே சூட்டையும் உண்டாக்கும். மைலேஜும் கொஞ்சம் குறையும்.

புது இன்ஜின்களில் பேரிங் இடைவெளி, ஆயில் பம்பின் கொள்ளளவு, வால்வு நேரத்தை மாற்றும் விவிடி அமைப்பு எல்லாமே மெல்லிய ஆயிலை வைத்துக் கணக்கிடப்பட்டவை. விவிடியில் ஆயிலின் அழுத்தம்தான் கேம் ஷாஃப்ட்டின் கோணத்தையே திருப்புகிறது. அதில் 20டபிள்யூ-50 ஊற்றினால் அசைவு மந்தமாகி, எச்சரிக்கை விளக்கு எரிவதற்குக்கூட வாய்ப்பு உண்டு.

கூலன்ட் இல்லாமல் காற்றாலேயே குளிரும் ஏர்-கூல்டு பைக்கின் நிலைமை மட்டும் வேறு. அதற்குத் தெர்மோஸ்டாட் கிடையாது. சித்திரை வெயிலில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும்போது ஆயில் சூடு 120 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. மெக்கானிக் சொல்லும் வெயில் வாதத்துக்கு இங்கே ஓரளவு அர்த்தம் இருக்கிறது. ராயல் என்ஃபீல்டு தன் ஏர்-கூல்டு வண்டிகளுக்கு 15டபிள்யூ-50 சொல்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அதே சமயம், வெயிலை நன்றாகவே அறிந்த ஹோண்டாவும் ஹீரோவும் தங்கள் 100, 110 சிசி வண்டிகளுக்கு 10டபிள்யூ-30 தான் சொல்கின்றன. இன்ஜின் எப்படிக் கட்டப்பட்டது என்பதுதான் வித்தியாசம்.

பைக்கில் ஒரே ஆயிலுக்கு மூன்று வேலை

பைக் வைத்திருப்பவர்கள் கெட்டித்தன்மையைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைத்தான் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

காரில் இன்ஜின் ஆயில் இன்ஜினோடு நின்றுவிடும். கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில். மேனுவல் காரின் கிளட்ச் ஆயிலே படாத உலர் கிளட்ச். இன்றைய கியர் பைக்குகளில் அப்படி இல்லை. இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலில் நனைந்தபடியே ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் முரண்பாடு. மைலேஜ் கூடுவதற்காகக் கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் மாலிப்டினம் போன்ற சேர்க்கைகளைப் போடுகிறார்கள். காருக்கு அது நல்லது. பைக் கிளட்ச்சுக்கு உராய்வு வேண்டும். வழுக்கல் கூடினால் கிளட்ச் ஸ்லிப் ஆகும். ஆக்சிலரேட்டரைத் திருகினால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. மேட்டில், ஆள் ஏற்றிப் போகும்போது முதலில் தெரியும். கிளட்ச் பிளேட் போய்விட்டது என்று மாற்றிவிட்டு, அதே கார் ஆயிலைத் திரும்ப ஊற்றினால் புது பிளேட்டும் வழுக்கும்.

1990-களில் கார் ஆயில்கள் மைலேஜை நோக்கி நகர்ந்தபோது பைக்குகளில் இந்தத் தொல்லை பெரிதானது. ஜப்பானின் வாகனத் தரநிலை அமைப்பான ஜாசோ, நான்கு ஸ்ட்ரோக் பைக் ஆயிலுக்கு என்று 1998-இல் டி903 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. ஆயிலில் நனைந்த கிளட்ச்சைச் சோதனைக் கருவியில் ஓட்டி, எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்து வகை பிரிப்பதே அதன் மையம்.

எம்ஏ என்றால் கிளட்ச் பிடிக்கும் அளவுக்கு உராய்வு உள்ள ஆயில். அதையே 2006-இல் எம்ஏ1, எம்ஏ2 என்று உள்ளே பிரித்தார்கள். இரண்டில் எம்ஏ2-வுக்குப் பிடிமானம் அதிகம். எம்பி என்றால் உராய்வு குறைந்தது, ஈரக் கிளட்ச் இல்லாத வண்டிக்கு உரியது. ஆக்டிவா போன்ற கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் கிளட்ச் தனி அறையில் உலர்வாக, பெல்ட்டோடு இருக்கிறது. அதனால் அவற்றுக்கு எம்பி. ஸ்கூட்டரில் எம்ஏ ஊற்றிவிட்டால் ஆபத்தில்லை, மைலேஜ் சற்றே குறையலாம். ஆனால் ஸ்கூட்டருக்கு வாங்கி மிச்சமான எம்பி ஆயிலைக் கியர் பைக்கில் ஊற்றக் கூடாது. வீட்டில் ஸ்கூட்டரும் பைக்கும் இருந்து, இரண்டுக்கும் 10டபிள்யூ-30 என்றால் இந்தத் தவறு சுலபமாக நடக்கும். எண்கள் ஒன்றே, எழுத்து வேறு.

பைக் ஆயில் சீக்கிரம் தளர்ந்துபோவதற்கும் கியர்தான் காரணம். இரட்டை எண் ஆயிலில், சூட்டில் நீர்த்துப்போகாமல் இருக்க நீளமான பாலிமர் மூலக்கூறுகளைச் சேர்க்கிறார்கள். கியர் பற்கள் அவற்றை நறுக்கிக்கொண்டே இருக்கும். 40 கிரேடாக உள்ளே போன ஆயில், மாற்றும் நேரத்தில் 30 கிரேடு அளவுக்கு இறங்கியிருக்கலாம். ஆயில் மாற்றும் தேதி நெருங்கும்போது கியர் விழுவது கரடுமுரடாக இருப்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். அதற்கு இது ஒரு காரணம்.

ஆர்எக்ஸ்100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றில் 2டி ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து வெளியே போய்விடும். கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில். 2டி ஆயிலில் பார்க்க வேண்டிய ஜாசோ குறி எஃப்சி அல்லது எஃப்டி. இவை புகை குறைவாக வருபவை.

ஏபிஐ எழுத்துகள்

அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐ, ஆயிலின் தரத்தை எழுத்துகளால் குறிக்கிறது. எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் இன்ஜினுக்கு, சி என்று தொடங்கினால் டீசலுக்கு. இரண்டாவது எழுத்து அகர வரிசையில் முன்னேற முன்னேறத் தரநிலை புதியது. எஸ்எல் 2001-இல் வந்தது, எஸ்எம் 2004-இல், எஸ்என் 2010-இல், எஸ்பி 2020-இல், எஸ்க்யூ 2025-இல்.

பெட்ரோல் காருக்குப் புத்தகம் எஸ்என் கேட்டால் எஸ்பி ஊற்றலாம். கீழிறங்கி எஸ்எல் ஊற்றக் கூடாது. குறிப்பாக, நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் சிறிய டர்போ இன்ஜின்களுக்கு இது முக்கியம். அவற்றில் குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகத் தீப்பிடித்துப் பிஸ்டனையே உடைத்துவிடும் கோளாறு கண்டறியப்பட்டது. ஆயிலில் சுத்தம் செய்வதற்காகச் சேர்க்கும் கால்சியம் அதைத் தூண்டுகிறது என்பதும் தெரியவந்தது. கால்சியத்தைக் குறைத்து மெக்னீசியத்தைக் கூட்டிச் சேர்க்கையை மாற்றினார்கள். எஸ்பி ஆயில் இந்தக் கோளாறுக்கும் டைமிங் செயின் தேய்மானத்துக்கும் சோதிக்கப்பட்டது. டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர் பழைய ஸ்டாக் எஸ்எம் கேன் விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவது வீண் ஆபத்து.

பைக்குக்கு வரும்போது, ஏபிஐ எழுத்து புதியதா என்பதைவிட ஜாசோ எழுத்து சரியானதா என்பதே முதலில். ஏபிஐ வட்ட முத்திரையின் கீழ்ப்பாதியில் எரிபொருள் சிக்கனத்தைக் குறிக்கும் வாசகம் இருந்தால், அந்தக் கேன் கியர் பைக்குக்கு வேண்டாம்.

பிஎஸ்6 டீசலும் சாம்பலும்

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபின், டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற வடிகட்டி உட்கார்ந்துவிட்டது. அது கரியைப் பிடித்து வைத்து, அவ்வப்போது சூடேற்றி எரித்துவிடும். கரி எரியும், ஆனால் உலோகச் சேர்க்கைகள் உள்ள ஆயில் எரிந்து வரும் சாம்பல் எரியாது. அது வடிகட்டியிலேயே தங்கும். சேரச் சேர அடைப்பு. டிபிஎஃப் மாற்றும் செலவு சிறியதல்ல.

அதனால் இந்தக் கார்களுக்குச் சாம்பல் குறைவான ஆயில் வேண்டும். ஐரோப்பிய உற்பத்தியாளர் சங்கமான ஏசிஇஏவின் சி வகைகள், அதாவது சி2, சி3, சி5 போன்றவை, இதற்கானவை. பழைய டீசல் ஜீப்புக்கு ஊற்றி மிச்சமான 15டபிள்யூ-40 சிஐ-4 ஆயில் எவ்வளவு நல்ல பிராண்டாக இருந்தாலும், டிபிஎஃப் உள்ள காரில் ஊற்றக் கூடாது. இன்ஜின் ஒன்றும் சொல்லாது, வடிகட்டிதான் மெல்ல அடையும்.

மினரல், செமி, ஃபுல் சிந்தெடிக்

கச்சா எண்ணெயிலிருந்து வடித்துச் சுத்திகரித்தது மினரல். அதையே ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்து மூலக்கூறு அமைப்பையே மாற்றினால், அடிப்படை எண்ணெய்களின் வகைப்பாட்டில் அது குரூப் 3. வேதியியல் முறையில் கட்டியெழுப்பியது குரூப் 4. எஸ்டர் போன்றவை குரூப் 5. மினரலையும் சிந்தெடிக்கையும் கலந்தது செமி. குரூப் 3-ஐ சிந்தெடிக் என்று விற்கலாமா என்று மொபில், காஸ்ட்ரால் நிறுவனங்களுக்கு இடையே அமெரிக்காவில் நடந்த தகராறில், 1999-இல் விற்கலாம் என்று முடிவானது. இன்று கடையில் ஃபுல் சிந்தெடிக் என்று கிடைப்பதில் கணிசமானது குரூப் 3 தான். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, நல்ல ஆயில்தான். ஆனால் அந்த வார்த்தையை மட்டும் பார்த்து விலையை ஏற்றிக் கொடுக்க வேண்டியதில்லை.

சிந்தெடிக்கின் உண்மையான பலம் சூட்டில் சீக்கிரம் கெடாமல் இருப்பது, குளிரில் இளக்கமாக இருப்பது. 0டபிள்யூ, 5டபிள்யூ கிரேடுகளை மினரலில் ஒழுங்காகச் செய்வதே கடினம் என்பதால், அவை பெரும்பாலும் சிந்தெடிக்காகவே வரும். டர்போ கார், அதிக ஆர்பிஎம்மில் ஓடும் பைக், நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடும் வண்டி என்றால் அதற்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது. தினமும் பஸ் ஸ்டாண்டு வரை போய்வரும் 100 சிசி வண்டிக்குப் புத்தகம் சொல்லும் மினரல் ஆயிலை நேரத்துக்கு மாற்றுவதே போதும். சிந்தெடிக்கை ஊற்றிவிட்டு இரண்டு வருடம் மறந்துவிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

புத்தகத்தை விட்டு விலகலாமா

சில நேரம் விலகலாம், அதுவும் புத்தகமே காட்டும் எல்லைக்குள். பல புத்தகங்களில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ப ஒன்றுக்கு மேற்பட்ட கிரேடுகளைப் பட்டை வரைந்து காட்டியிருப்பார்கள். 10டபிள்யூ-30, 10டபிள்யூ-40 இரண்டும் அதில் இருந்தால், வெயில் ஊரில் சுமையோடு ஓடும் வண்டிக்கு 40-ஐத் தேர்ந்தெடுப்பது நியாயமான முடிவு.

லட்சம் கிலோமீட்டர் கடந்து, ரிங் தேய்ந்து, ஆயில் குடிக்கும் பழைய இன்ஜினுக்கு ஒரு படி மேலே போவதும் உண்டு. 30 இருந்த இடத்தில் 40. இது தேய்ந்த இன்ஜினைக் குணப்படுத்தாது, ஆயில் குடிப்பதைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. 0டபிள்யூ-20 சொன்ன புது இன்ஜினில் நேராக 20டபிள்யூ-50-க்குத் தாவுவதை இதோடு சேர்க்க முடியாது. வாரண்டி உள்ள காலத்தில் புத்தகத்துக்கு வெளியே போனால், பிறகு ஒரு கோளாறு வரும்போது பேச உங்களிடம் எதுவும் இருக்காது.

எத்தனை கிலோமீட்டர், எத்தனை மாதம்

பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. இந்த "எது முதலில்" என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓடும் காரின் ஆயில், கிலோமீட்டர் குறைவு என்பதால் நல்ல நிலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. சொல்லப்போனால் நிலைமை மோசமாகவே இருக்கலாம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயிலுக்குள் இறங்கும். எரியாத பெட்ரோலும் அதோடு வரும். இன்ஜின் நன்றாகச் சூடானால் இரண்டும் ஆவியாகி வெளியேறும். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஒரு கிலோமீட்டரில் திரும்பும் வண்டி சூடாவதே இல்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால் உட்புறம் மோர் நிறத்தில் பிசுபிசுப்பு படிந்திருக்கும். வாரத்தில் ஒருமுறையாவது வண்டியை அரைமணி நேரம் ஓட விடுவதும், கிலோமீட்டரைப் பார்க்காமல் மாதக் கணக்கில் ஆயில் மாற்றுவதும்தான் இதற்கு வழி. மூடியில் மட்டும் இல்லாமல் டிப் ஸ்டிக்கிலும் பால் நிறம் தெரிந்தால் அது வேறு கதை. கூலன்ட் கசிந்து ஆயிலில் கலந்திருக்கலாம், வண்டியை ஓட்டாமல் காட்ட வேண்டும்.

இன்னொரு பக்கம், ஏசியைப் போட்டுக்கொண்டு ஓஎம்ஆரில் நிற்கும் கால் டாக்ஸி. நிற்கும் நேரத்தைக் கிலோமீட்டர் கருவி கணக்கெடுக்காது, ஆயில் கணக்கெடுக்கும். தூசி, குறுந்தூரம், சுமை, நீண்ட ஐடிலிங் இவற்றைப் புத்தகத்தில் கடினமான பயன்பாடு என்று தனியே போட்டு, இடைவெளியைக் குறைத்திருப்பார்கள். நம் நகரங்களில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில்தான் வரும் என்பது என் கருத்து.

ஆயில் கறுத்துவிட்டதைப் பார்த்து மட்டும் மாற்ற வேண்டாம். டீசல் இன்ஜினில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். கரியைச் சுவரில் படிய விடாமல் தன்னில் ஏந்திக்கொள்வதால்தான் அது கறுக்கிறது.

கடையில் நிற்கும்போது

பார்க்க வேண்டிய வரிசை இது:

1. புத்தகத்தில் உள்ள கெட்டித்தன்மை எண். பின்னால் உள்ள எண்ணில் சமரசம் வேண்டாம்.
2. கியர் பைக் என்றால் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2, ஸ்கூட்டர் என்றால் எம்பி. ஜாசோ பெட்டிக்குள் மேலே பதிவு எண்ணும் கீழே வகையும் இருக்கும். வெறுமனே "பைக்குகளுக்கு ஏற்றது" என்ற வாசகம் இதற்கு ஈடாகாது.
3. பெட்ரோல் காருக்கு ஏபிஐ எழுத்து, டிபிஎஃப் உள்ள டீசலுக்கு ஏசிஇஏ சி வகை. கார் நிறுவனத்தின் சொந்த அங்கீகார எண்ணைப் புத்தகம் கேட்டால் அதே எண் கேனிலும் இருக்க வேண்டும்.
4. இவை மூன்றும் பொருந்திய பிறகுதான் பிராண்டும் விலையும்.

போலி ஆயில் உண்மையான பிரச்சினை. காலிக் கேன்களை வாங்கி, பழைய ஆயிலை வடிகட்டி நிரப்பிச் சீல் வைத்து விற்கிறார்கள். மூடியின் சீல், பேட்ச் எண், தயாரிப்புத் தேதி மூன்றையும் பாருங்கள். க்யூஆர் குறியீடு இருந்தால் ஸ்கேன் செய்யுங்கள். உங்கள் கண் முன்னால் கேனைத் திறந்து ஊற்றச் சொல்லுங்கள். ஊற்றி முடித்த காலிக் கேனில் ஒரு ஓட்டை போட்டுவிட்டுக் கொடுத்தால், அது திரும்ப நிரம்பி இன்னொருவர் வண்டிக்குப் போகாது.

ஆயில் மாற்றிய பிறகு அளவை நீங்களே ஒருமுறை பாருங்கள். 100 சிசி வண்டிகள் பலவற்றில் உள்ளே போவது ஒரு லிட்டருக்கும் குறைவு. ஒரு லிட்டர் கேனை முழுவதும் கவிழ்த்துவிடும் பழக்கம் அங்கே அளவை மீறச் செய்யும். மீறினால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரையால் பேரிங்கைத் தாங்க முடியாது. வண்டியைச் சமதளத்தில் நிமிர்த்தி நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் விட்டு, டிப் ஸ்டிக்கைத் துடைத்து விட்டுப் பாருங்கள். சில பைக்குகளில் ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும், சிலவற்றில் கண்ணாடித் துளை வழியே பார்க்க வேண்டும். புத்தகத்தில் படத்தோடு இருக்கும். அப்புறம் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். அளவு குறைந்துகொண்டே வந்தால் ஆயில் கசிகிறது அல்லது எரிகிறது. பிஎஸ்6 டீசல் காரில் அளவு கூடிக்கொண்டே வந்தால், டிபிஎஃப்பைச் சுத்தம் செய்யத் தெளிக்கும் டீசல் ஆயிலில் கலந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேல் கோட்டைத் தாண்டிவிட்டதென்றால், கிலோமீட்டர் மிச்சம் இருந்தாலும் ஆயிலை மாற்றிவிட வேண்டும்.